நான்காவது பீப்பாய்

(அனுப்பாத கடிதம்)

2006 பிப்ரவரி 4, சனிக்கிழமை, காலை 9.10. பதினொரு குப்பிகள். பூஜ்யம்.

அக்கா,

இதை அனுப்பப் போவதில்லை. அதனால் நலம் விசாரிப்பும் இல்லை.

ஆய்வகத்துப் பயிற்சிக் குப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெனிலா, கிராம்பு, புகை, வினிகர், ஈர அட்டை என்று மொத்தம் பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். வினிகர் மட்டும் மூக்குக்குள் குத்தியது. அது வாசனை இல்லை, வலி. மற்ற பத்தும் தண்ணீர்.

ஜனவரி 13 அன்று மழை பெய்து, பெய்தபடியே உறைந்தது. இந்த ஊரில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கும், இரும்பில், சுருள் சுருளாக. மேலிருந்து மூன்றாவது படியில் வழுக்கினேன். பின்மண்டையில் அடி. எலும்பு உடையவில்லை, ரத்தம் இல்லை. இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் அடுப்பில் பால் கருகி, புகை மணி அலறிய பிறகுதான் பால் வைத்ததே ஞாபகம் வந்தது.

டாக்டர் சொன்னது: மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் அறுந்திருக்கலாம். ஒரு வருடம் பார்க்கலாம். அதற்குள் வந்தால் வந்தது.

நான் வேலை செய்வது முகரும் குழுவில். இந்த மாகாணத்துக்கு வரும் மதுவை முகர்ந்து, வாயில் வைத்து, துப்பி, குறிப்பு எழுத வேண்டும். மூக்கு இல்லையென்றால் அந்த வேலை இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் இந்த ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. வேலை இல்லையென்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் விமானம். மூன்றே படி. நான் வழுக்கியதும் மூன்றாவது படிதான்.

ஆகவே யாருக்கும் சொல்லவில்லை.

சூர்யா

*

மாண்ட்ரியல், வில்லரே
2006 பிப்ரவரி 4

அன்புள்ள வசந்தி அக்காவுக்கு,

நான் நலம். அறையின் ரேடியேட்டரும் நலம், விடியும் முன்பே டங் டங் என்று தட்டி எழுப்புகிறது. நீ, மாமா, அம்மா மூவரும் எப்படி? அம்மாவின் முழங்காலுக்குக் குன்னூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

போன் பண்ணவில்லை என்று திட்டாதே. போனில் நான் 'ம்' மட்டும் போடுகிறேன், எழுதினால் அஞ்சு வரியாவது தேறும் என்று சொன்னது நீதான்.

குளிர் மைனஸ் பதினாறு. பனி முழங்கால் வரை. வேலை நடக்கிறது.

ஒரு உதவி. நீ தினம் எண்பது கோப்பைத் தேநீர் உறிஞ்சித் துப்புகிற ஆள். இந்த வருடத்து உறைபனிக் காலத் தேயிலை எப்படி இருக்கிறது? 'நல்லா இருக்கு' வேண்டாம். ஒவ்வொரு வாசனையையும் பிரித்துப் பிரித்து எழுது. இங்கே வெள்ளைக்காரர்களின் வார்த்தைகளையே திருப்பித் திருப்பி எழுதி அலுத்துவிட்டது. புதுசாக நாலு வார்த்தை கிடைத்தால் குறிப்புக்கு உதவும்.

மது வேலை என்று அம்மாவுக்குத் தெரியாது, அவளைப் பொறுத்தவரை நான் இன்னும் எசென்ஸ் கம்பெனியில்தான் இருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

உன் தம்பி
சூர்யபிரகாஷ்

*

குன்னூர்
25.2.2006

டேய் சூர்யா,

மூவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அமாவாசைக்கு அமாவாசை அரசியல் பேசுகிறது. மாமாவுக்கு வழக்கம் போல தொப்பை மட்டும் வளர்ச்சி.

தம்பி ஒருவன் என்னிடம் உதவி கேட்டு எழுதியிருக்கிறான்! கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று மாமா கேட்கிறார்.

உறைபனித் தேயிலை இந்த வருடம் பிரமாதம். எழுதிக்கொள். கொதிநீர் விட்டதும் முதலில் வருவது, கொய்யாப்பழம் அறுத்த கத்தியின் வாசம். பழம் இல்லை, கத்தி. அடுத்து, புது மரப்பெட்டியைத் திறந்தாற்போல் ஒன்று. ஆறியதும் பாகு பதம் தப்புவதற்கு ஒரு நிமிஷம் முந்தின வாசம். கடைசியில் தொண்டையில் நிற்பது, நசுக்கின ரோஜா இதழ், ஆனால் தண்டோடு சேர்த்து.

ஒரு கூத்தும் சொல்கிறேன். போன வாரம் ஒரு லாட் தேயிலை வந்தது. எங்கள் அறையில் தலைமைச் சுவைஞர் இரவிச்சந்திரன் சார்தான் முதலில் பேசுவார். அவர் 'அருமை' என்றார். மற்ற நாலு பேரும் 'அருமை சார், அருமை சார்'. எனக்கு ஈரச் சாக்கு நாறியது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம், நமக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சோ என்று. இருந்தாலும் சொல்லிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அனுப்பின தோட்டத்துக் கிடங்குக் கூரை ஒழுகி மூட்டை நனைந்திருக்கிறது. மூக்கு சொன்னதை வாய் சொல்லாவிட்டால் இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கக் கூடாதுடா.

உங்கள் அறையிலும் பெரியவர்தான் முதலில் பேசுவாரா?

சாப்பாடு என்ன? ஒழுங்காகச் சமைக்கிறாயா, இல்லை ரொட்டியும் ஜாமுமா? எழுது.

வசந்தி

*

மாண்ட்ரியல்
2006 மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பனி உருகித் தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறு. நீங்கள் சுகமா?

கடிதம் வந்தது. நன்றி. கத்தி நல்ல வார்த்தை.

எங்கள் அறையில் தலைகீழ். மேசையில் வயதில் சின்னவன்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் முகத்தைப் பார்த்து யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக. முப்பத்தோரு வருடம் முன்னால் இந்த விதியைப் போட்டவர் எங்கள் தலைவர் பெர்னார். அவருக்கு அறுபத்திரண்டு. எனக்கு இருபத்தேழு. ஆகவே எப்போதும் நான்தான் முதலில்.

மே மாதம் பெர்னாரும் நானும் அமெரிக்காவில் கென்டக்கி போகிறோம். அங்கே பர்பன் என்று சோளத்தில் காய்ச்சும் விஸ்கி. பொதுவாக நூறு பீப்பாய்களைக் கலந்து ஒரே சுவையாக்கிப் புட்டியில் அடைப்பார்கள். சிலதை மட்டும் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து அடைப்பார்கள். ஒவ்வொரு பீப்பாயும் வேறு மாதிரி இருக்கும் என்பதால் வாங்குகிறவர்கள் நேரில் போய்ச் சுவைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறில் ஒன்று. அங்கே கருவி எதுவும் கிடையாது.

சாப்பாடு: தயிர் சாதம், அப்பளம். மொறுமொறுப்பு இருந்தால் இறங்குகிறது.

சூர்யா

*

குன்னூர்
11.4.2006

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அம்மா உனக்காகப் பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஆறில் ஒன்று தேர்ந்தெடுக்கப் போகிறாயாமே. ஒரு பயிற்சி வைக்கிறேன், அக்காவுக்காகச் செய். கவருக்குள் மூன்று சின்னப் பொட்டலம் தேயிலை இருக்கிறது. 417, 682, 935 என்று எண் போட்டிருக்கிறேன். நீங்களும் செய்வீர்களே அதே சோதனைதான்: இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. எது வேறு என்று மூக்கால் கண்டுபிடித்து எழுது. கருவி கிருவி கூடாது.

குறிப்பில் என் கத்தியைப் பயன்படுத்தினாயா? அப்படியானால் கென்டக்கியில் எனக்கு ஒரு பாதிச் சம்பளம் கேள்.

உடனே எழுது. இதற்கு மட்டும் ஒரு மாசம் எடுத்துக்கொள்ளாதே.

வசந்தி

*

மாண்ட்ரியல்
2006 மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் அப்படியே என்று நம்புகிறேன். மரங்களில் இப்போதுதான் இலை. ஜான்-டலோன் சந்தையில் கடைகளைத் தெருவுக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் தக்காளியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். கூட்டம் எரிச்சல்.

பொட்டலங்கள் வந்தன. வேறானது 682.

இங்கே ஒரு கேலிக்கூத்து. கீழ்வீட்டுக்காரி கிறேஸ், எனக்கு வீடு கொடுத்தவள், எழுபது வயது ஹைட்டிக்காரி. இரண்டு நாளாகப் படிக்கட்டில் நின்று ஒரே சத்தம். "முஸ்யே, உன் தபால் பெட்டியில் எலி செத்துக் கிடக்கிறது! நீ எடுக்கிறாயா, நான் முனிசிபாலிட்டியைக் கூப்பிடட்டுமா?" நானே அவள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டினேன். எலியும் இல்லை, பல்லியும் இல்லை. உன் கவர் ஒன்றுதான் இருந்தது. அவள் முந்தானை மாதிரி ஏதோ துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். வயதானால் இப்படித்தான் போல.

மே 9 கிளம்புகிறேன். ஒரு வாரம்.

சூர்யா

*

பார்ட்ஸ்டவுன், கென்டக்கி
2006 மே 11, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரும் முன்பே எழுதுகிறேன். விடுதி அறையில் காகிதம் சும்மா கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயில் முப்பது டிகிரி. அம்மாவிடம் சொல், தம்பி வியர்த்தான் என்று.

இன்று காலை பத்து மணிக்குக் கிடங்கு. மதுசாலையின் பெயரை எழுதக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஏழு மாடி மரக் கட்டடம். ஜன்னல் கொஞ்சம்தான். உள்ளே இருபதாயிரம் பீப்பாய் படுத்திருக்கிறது. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பு வைத்துக் கரியாக்கியிருப்பார்கள். கோடையில் மது மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும். மேல்மாடியில் வெப்பம் அதிகம், அதனால் நிறமும் அதிகம். கொஞ்சம் ஆவியாகிவிடும். அதைத் தேவதைகள் குடித்த பங்கு என்கிறார்கள். ஆவியாதல் என்ற சொல்லுக்கு என்ன குறை?

ஆறு பீப்பாய்களை உருட்டி வைத்திருந்தார்கள். கிடங்குக்காரர் மரச் சுத்தியால் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார். அடைப்பு துள்ளி வெளியே வந்தது. நீளமான செம்புக் குழாயை உள்ளே விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, மதுவைத் தூக்கிக் கிளாஸில் விட்டார். அந்தக் குழாய்க்குத் 'திருடன்' என்று பெயர். பெர்னார் நாலு துளியை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, முகத்தைப் பொத்திக்கொண்டார். தொழுகிற மாதிரி. நானும் அப்படியே செய்தேன்.

வாயில் வைத்து, துப்பி, தண்ணீர் கலந்து, மறுபடி வைத்து, துப்பி. ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. முகத்தைக் காட்டக் கூடாது. சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும்.

நான் ஒரு அட்டவணை போட்டேன். எந்த மாடி, எத்தனை மாதம், எவ்வளவு குறைந்தது, நிறம், நாக்கில் இனிப்பு, கசப்பு, எரிச்சல். நான்காவது: ஐந்தாம் மாடி, எண்பது மாதம், நிறம் அடர்த்தி, கசப்பு குறைவு. கணக்கு அதைத்தான் காட்டியது.

பெர்னார் சொன்னார்: "சின்னவர் சொல்லட்டும்."

"நான்கு," என்றேன்.

கிடங்குக்காரர் புருவத்தைத் தூக்கினார். "நாலா?"

"நாலு. கொய்யா அறுத்த கத்தி, புது மரப்பெட்டி, பதம் தப்பாத பாகு." உன் ரோஜாவை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்புறம் பெர்னார் தன் கிளாஸை எடுத்து மறுபடி முகர்ந்தார். மூன்று முறை. பிறகு "நாலு" என்றார். தன் சீட்டை வாசிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பீப்பாயின் மூடியில் சாக்குக்கட்டியால் எங்கள் கம்பெனிப் பெயரை எழுதினார்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஜூலை 17 புட்டியில் அடைப்பார்கள்.

திரும்பி வரும்போது காரில் பெர்னார் அடிக்கடி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

சூர்யா

*

குன்னூர்
19.5.2006

சூர்யா,

நலம் விசாரிப்பு அப்புறம்.

அந்தக் கவரை ஒரு வாரம் கருவாட்டு டப்பாவுக்குள் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். வாளைக் கருவாடு. தபால் ஆபீசில் இருந்தவர் "ஏம்மா, உள்ளே என்னம்மா?" என்று கையை எட்ட வைத்துக்கொண்டுதான் முத்திரை குத்தினார். மாமா பீரோவைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தார். உன் கிறேஸ் அம்மாவுக்கு எலி செத்த நாற்றம் அடித்திருக்கிறது. நீ அதைக் கையில் எடுத்து, கிழித்து, படித்து, 'உன் கவர் ஒன்றுதான் இருந்தது' என்று எழுதுகிறாய்.

மூன்று பொட்டலமும் ஒரே தேயிலை டப்பாவில் அள்ளினது. மூக்கு இருக்கிறவன் "மூணும் ஒண்ணுதான், மூணும் கருவாடுதான், உனக்குப் பைத்தியமா" என்று திட்டி எழுதியிருப்பான். நான் அந்தத் திட்டுக்குத்தான் காத்திருந்தேன்.

ஏன் சந்தேகம் என்றால்: ஜனவரிக்கு முன்னால் நீ எழுதின கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மெட்ரோவில் ஈரக் கம்பளி நாற்றம், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பழைய காப்பி நாற்றம், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டே எழுதுவாய். பிப்ரவரியிலிருந்து டிகிரியும் சென்டிமீட்டரும்தான். ஒரு வாசனை இல்லை. நான் தினம் எண்பது கோப்பை பார்க்கிறவள்டா. இல்லாததுதான் எனக்கு முதலில் தெரியும்.

எப்போது போனது? எப்படிப் போனது? டாக்டரிடம் போனாயா? அங்கே யாருக்காவது தெரியுமா?

இன்னொன்று. கென்டக்கியில் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாய்?

அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கா

*

குன்னூர்
21.6.2006

சூர்யா,

கென்டக்கிக் கடிதம் வந்தது. என் வார்த்தைகளை அப்படியே ஒப்பித்திருக்கிறாய். படிக்கும்போது யாரோ என் புடவையைக் கட்டிக்கொண்டு என் முன்னாலேயே நடக்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பெரியவர் ஏன் சீட்டை வாசிக்கவில்லை?

ஒரு மாதமாகப் பதில் இல்லை. இரண்டு முறை போன் பண்ணினேன். எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கோபப்பட மாட்டேன். எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

*

மாண்ட்ரியல்
2006 ஜூலை 8, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம், ஒன்றைத் தவிர. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஜனவரி 13. ஐஸ் படிக்கட்டு. பின்மண்டை. டாக்டரிடம் போனேன். ஆறு மாதம் முடியப் போகிறது. இதுவரை பூஜ்யம். பிப்ரவரியில் ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். இதோடு இணைத்திருக்கிறேன். அதைப் படி, மறுபடி எழுதப் பொறுமை இல்லை.

முதல் மாதம் ஜலதோஷம் என்று சொல்லித் தப்பித்தேன். அதற்கப்புறம் எல்லோருக்கும் முன்னால் வந்து, மாதிரிகளைப் பகுப்புக் கருவியில் ஓட்டி, அது சேர்மத்துக்கு ஒன்றாகத் தாளில் வரையும் சிகரங்களில் எது உயரம் என்று பார்த்து, பத்து மணிக்கு மேசையில் அதையே வாசனை மாதிரி ஒப்பித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் என் குறிப்புகள்தான் மிகத் துல்லியம் என்று பெர்னார் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்கம்கூட இல்லை. எல்லாம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்த மாதிரிதான் இருக்கிறது. உன் குரல் கேட்டு போனை வைத்தபோதும் அப்படித்தான்.

கென்டக்கியில் கருவி இல்லை. அட்டவணையை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். நீ கேட்டதற்குப் பதில் அது.

இனி நீ கேட்ட மற்றது. அவர் ஏன் சீட்டை வாசிக்கவில்லை.

போன திங்கள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையெல்லாம் காலி. அட்டைப் பெட்டியில் புத்தகங்கள். ஜூலை ஒன்றாம் தேதி இந்த ஊரே வீடு மாற்றும், தெருவெல்லாம் சோபாவும் மெத்தையுமாகக் கிடந்தது. அதே மாதிரி இவரும் ஏதோ அறை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

"உட்கார்," என்றார். "நான் போகிறேன். வருகிற திங்கள் பத்து மணிக்கு விலகல் கடிதத்தில் கையெழுத்து."

"ஏன்?"

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். மே மாதத்திலிருந்து வைத்திருந்திருக்கிறார். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. பென்சில் எழுத்து. நான்கு: ஈர அட்டை. வேண்டாம்.

"நீ கொய்யா என்றாய், மரம் என்றாய், பாகு என்றாய். மறுபடி முகர்ந்தேன். எனக்கு ஈர அட்டைதான் வந்தது. மூன்று தடவையும். உன் மூக்கு தவறாது, பார்த்திருக்கிறேன். அப்படியானால் தவறியது என்னுடையது." சிரித்தார். "வீட்டில் மனைவி சூப் வைத்தாலும் இப்போது நம்புவதில்லை. இது சரியான வாசனையா என்று அவளையே கேட்கிறேன். அவளுக்குக் கடுப்பு."

பிறகு சொன்னார்: "என் நாற்காலிக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

நான் "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

கென்டக்கியிலிருந்து வந்த மாதிரிக் குப்பிகள் குளிர் அறையில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்பவர் சிவநேசம் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். செவ்வாய்க்கிழமை நான்காவதைக் கேட்டேன். இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரு சிகரம். சின்னது, ஆனால் மூக்குக்குப் போதும். மரத்தில் பூஞ்சை பட்டால் வருகிற சேர்மம். ஈர அட்டை. பெர்னார் சொன்னது அப்படியே சரி. அறுபத்திரண்டு வயது மூக்கு கருவிக்குச் சமமாக இருக்கிறது, அதை அவர் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அறையில் பெரியவர் முதலில் பேசினார், நீ எதிர்த்துச் சொன்னாய், கூரை ஒழுகினது தெரிந்தது. எங்கள் அறையில் சின்னவன் பேசினேன். பெரியவர் என்னை நம்பினார். அவர் போட்ட விதிதான்.

தாளை மடிக்கும்போது சிவநேசம் அண்ணை பின்னால் நின்றார்.

"தம்பி, நாலு மாசத்துக்கு முந்தி நீர் ஒருநாள் பழுதாப்போன சாம்பாரை ஆறுதலா இருந்து சாப்பிட்டனீர். ஞாபகம் இருக்கோ? எனக்குப் பக்கத்தில இருக்கேலாமல் போச்சு. அண்டைக்கே விளங்கீட்டுது."

"ஏன் அண்ணை சொல்லல?"

"சொல்லுறது என்ர வேலையில்லைத் தம்பி. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். உந்த மனிசன் போறதெண்டால் பேந்து நான் சொல்லத்தான் வேணும். திங்கள் வரைக்கும் பாப்பன்."

மிரட்டவில்லை. டப்பா கழுவப் போகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாளாக யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியும், அந்த மூன்று படிதான். சொல்லாவிட்டால் பதினேழாம் தேதி இருநூறு புட்டி ஈர அட்டை, என் கையெழுத்தோடு. அதுகூடப் பரவாயில்லை, கொட்டிவிடலாம். ஆனால் ஒரு மனிதர் சாகிற வரை மனைவி வைத்த சூப்பைச் சந்தேகப்படுவார். இருக்கிற மூக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டு. இல்லாத நான் அவர் நாற்காலியில் இருப்பேன்.

அழுகை வரவில்லை. வந்தால் எழுதியிருப்பேன்.

வெளியே ஒரே சத்தம். நாளை உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சந்தைப் பக்கம் வீட்டுக்கு வீடு இத்தாலிக் கொடி. இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். போடாவிட்டால் பிப்ரவரி மாதிரி ஆகிவிடும்.

அம்மாவுக்கு நீயே சொல். எசென்ஸ் கம்பெனியிலிருந்து தொடங்கிச் சொல். மாமாவுக்குப் பீரோ விஷயத்தில் என் மன்னிப்பு. கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன், கீழே பட்டியல் மட்டும்தான்.

உன் தம்பி
சூர்யா

செய்யப் போவது:

1. இன்று மாலை கிறேஸ் வீட்டுக் கதவைத் தட்டி, எலி விஷயத்தில் அவள் மூக்குதான் சரி என்று சொல்வது. தினம் காலை என் பாலை முகர்ந்து சொல்ல முடியுமா என்று கேட்பது.

2. உன் கவர் ஜிப் பையில் இருக்கிறது, எறியவில்லை. தினம் காலை ஏழரைக்குத் திறந்து முகர்ந்து பார்ப்பது, ஜனவரி 13 வரை. இன்றைய கணக்கு: பூஜ்யம்.

3. திங்கள் காலை 8.15-க்கு பெர்னார் அறை வாசல். அவர் எட்டரைக்கு வருவார். கையெழுத்து பத்து மணிக்கு.

4. இரண்டு தாளையும் அவர் மேசையில் வைப்பது. சிகரத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாயிற்று. அவர் சீட்டைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைப்பது.

5. கென்டக்கிக்குத் தந்தி மாதிரிச் சுருக்கமாக ஒரு ஃபேக்ஸ்: நான்கை அடைக்க வேண்டாம். தவறு என்னுடையது.

6. கருவி அறையில் வேலை இருக்குமா என்று கேட்பது. இல்லை என்றால் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பது. பருப்புப் பொடியை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், பொறு.

7. இதெல்லாவற்றுக்கும் முன்னால், அவர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள், "போன்ஜூர்" சொல்வதற்குள், வாயைத் திறப்பது. எங்கள் மேசையில் சின்னவன்தான் முதலில் சொல்ல வேண்டும்.